நாகசுர வேந்தர்

காவிரி பல கிளைகளாகப் பிரிந்து கடலோடு கலக்கும் கீழைக் கரையில் அமைந்த பழம்பதி காரைக்கால். சோழவள நாட்டின் ஒரு கூறாகிய இவ்வூர் 1739 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்றது. 1954 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் அவர்கள் ஆட்சியினின்று நீங்கி இந்தியாவுடன் இணைந்தது. ஆட்சி மாறிய போதும் மாறாமல் நின்றது அங்குள்ள கோயில்களின் இசை. பதிகம் பாடும் மரபிற்கு முன்னோடியாக விளங்கிய காரைக்கால் அம்மையார் பிறந்த ஊர் அது. அதற்கு மேற்கே உள்ள திருநள்ளாறு, தியாகேசர் எழுந்தருளியிருக்கும் ஏழு விடங்கத் தலங்களுள் ஒன்று. இப்பகுதியின் கோயில்களில் வைகறையில் இறைவனைத் துயில் எழுப்புவதும், திருவிழா நாளில் வீதிவலத்திற்கு முன் செல்வதும், இரவில் பள்ளியறைக்கு வழியனுப்புவதும் நாகசுரமே.

காரைக்காலுக்கு அருகே, நாகப்பட்டினம் வட்டாரத்தில் உள்ளது திருமருகல். அவ்வூரில் இசை வேளாளர் மரபில், 1898 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27 ஆம் நாள், குப்புசாமிப் பிள்ளைக்கும் கோவிந்தம்மாளுக்கும் மகனாகத் தோன்றியவரே இராசரத்தினம் பிள்ளை. பெற்றோர் அவருக்கு முதலில் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். அவருடைய தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை, திருவாவடுதுறை ஆதீனத்தின் நாகசுர வித்துவானாக விளங்கியவர். அவர் அக்குழந்தையைத் தம் மகனாக ஏற்று வளர்த்தார். இராசரத்தினம் என்னும் பெயரும், திருவாவடுதுறை என்னும் ஊரின் தொடர்பும் அவருக்கு அவ்வாறு வந்து சேர்ந்தன. ஆயினும் நடேச பிள்ளை நெடுநாள் வாழ்ந்தாரல்லர். மாமனிடம் நேரே கற்கும் பேறு சிறுவனுக்கு முழுமையாகக் கிட்டவில்லை.

சிறுவனுக்கு இனிய குரல் வாய்த்திருந்தது. ஆகவே முதலில் வாய்ப்பாட்டே கற்பிக்கப்பட்டது. ஆசிரியராக அமைந்தவர், பிடில் வாசிப்பதில் அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த திருக்கோடிகாவல் கிருஷ்ண ஐயர். வில்லை இழுக்குங்கால் நாதம் அறாமல் நீள்வதையும், விரல் நழுவுங்கால் ஒரு சுரம் மற்றொன்றோடு குழைவதையும் சிறுவன் அருகிருந்து கேட்டான். பின்னாளில் அவருடைய நாகசுரத்தில் வாய்ப்பாட்டின் குழைவும், நரம்புக் கருவியின் நீட்சியும் ஒருங்கே அமைந்திருந்தமைக்கு இவ்விளமைப் பயிற்சி ஒரு காரணம் எனலாம். அதன் பின்னரே அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாகசுரம் பயின்றார்.

நாகசுரம் எளிதில் வயப்படும் கருவியன்று. ஆச்சா மரத்தில் கடைந்த நீண்ட குழல். அதன் நுனியில் நாணலால் ஆகிய சீவாளி. விரல்கள் மூடித் திறக்கும் துளைகள் ஏழே. பாதித் துளையை மூடியும், மூச்சின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும், உதட்டின் பிடியை மாற்றியுமே நுண்ணிய சுரங்களைப் பிறப்பிக்க வேண்டும். மூச்சு சிறிது தளர்ந்தால் சுரம் தாழும். சிறிது மிகுந்தால் ஏறும். ஆதலால் இக்கலையைப் பயில்வோர் வைகறையில் எழுந்து பல நாழிகை சாதகம் செய்வர். இராசரத்தினமும் அவ்வாறே பயின்று தேர்ந்தார். நாளடைவில் திருவாவடுதுறை ஆதீன வித்துவான் என்னும் சிறப்பும் அவரை அடைந்தது.

நாகசுரக்காரர் தனியராக வாசிப்பதில்லை. அவரைச் சூழ்ந்து நிற்கும் குழுவிற்கு மேளம் என்று பெயர். பழைய முறைப்படி அதில் நான்கு கருவிகள் இன்றியமையாதன. இராகத்தையும் கீர்த்தனத்தையும் விரிப்பது நாகசுரம். இடப்புறத்தைக் குச்சியாலும், வலப்புறத்தைக் கூடு அணிந்த விரல்களாலும் முழக்கி இலயத்தை நிறுத்துவது தவில். துளை மாற்றமின்றி ஒரே சுரத்தை இடைவிடாது ஒலித்துச் சுருதியைக் காப்பது ஒத்து. காலக் கணக்கை அறுதியிடுவது தாளம். அவையோர் பார்வை முதல் இருவர் மீதே செல்லும். எனினும், கன்னங்களில் காற்றை நிறைத்து, மூக்கால் மூச்சை வாங்கியவாறே மணிக்கணக்கில் ஒத்து ஊதுபவர் ஒரு கணம் தளர்ந்தால் பாட்டு முழுதும் தடுமாறும். தாளக்காரர் ஓர் எண்ணிக்கை தவறினால் தவில்காரரின் முத்தாய்ப்பு வீணாகும். நான்கு உடலும் ஓர் உயிருமாக இயங்குவதே மேளம்.

இக்குழுவினரின் வாழ்க்கை பயணத்திலேயே கழியும். ஓர் ஊரில் திருவிழா முடிந்ததும் மற்றோர் ஊரில் திருமணம். அது முடியுமுன் அடுத்த ஊரின் அழைப்பு. மாட்டு வண்டியிலும் புகைவண்டியிலும் கருவிகளைச் சுமந்து செல்வர். இறைவன் திருவீதிக்குப் புறப்படும்போது சாகித்தியம் இல்லாத மல்லாரியை வாசிப்பர். பின்னர் நான்கு வீதிகளிலும் நின்றும் நடந்தும் இராகங்களை வளர்ப்பர். புறப்பாடு தொடங்கிய இரவு பொழுது புலர்ந்தே முடிவதும் உண்டு. அவ்வளவு நேரமும் ஒருவர் எண்ணத்தை மற்றவர் குறிப்பால் உணர வேண்டும். நாகசுரக்காரர் ஒரு சங்கதியை எங்கே முடிப்பார் என்பதைத் தவில்காரர் முன்னரே அறிதல் வேண்டும். தவில்காரர் கணக்கு வழக்கில் புகுந்தால் நாகசுரக்காரர் பொறுத்துக் காத்தல் வேண்டும். இத்தகைய உடன்பாடு இராசரத்தினம் பிள்ளைக்கும் தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கும் இடையே அமைந்தது. இருவரும் சேர்ந்து வாசித்த இடங்களில் எவர் பெரியவர் என்னும் வினாவுக்கு இடமில்லாமற் போயிற்று.

கருவியைத் திருத்துவதிலும் இராசரத்தினம் பிள்ளை ஊக்கம் காட்டினார். முற்காலத்தில் பெரிதும் வழங்கியது திமிரி என்னும் குறுகிய நாகசுரம். அதன் ஒலி உச்சமாய் ஒலிக்கும். திறந்த வெளிக்கும் வீதிக்கும் அது ஏற்றது. ஆனால் அதில் சுத்த மத்திமம் செவ்வையாகப் பேசுவது அரிதாயிருந்தது. அச்சுரம் பிறழ்ந்தால் தோடி முதலிய இராகங்களின் அழகு குன்றும். கும்பகோணத்திற்கு அருகே உள்ள நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்வதில் வல்லவராயிருந்தவர் ரங்கநாத ஆசாரி. இராசரத்தினம் பிள்ளையின் வேண்டுகோளை ஏற்று அவர் பலகால் முயன்று, சுத்த மத்திமம் தூய்மையாக ஒலிக்கும் பாரி நாகசுரத்தை உருவாக்கினார். பாரி நீளம் மிகுந்தது. அதன் ஒலி தாழ்ந்தும் கனிந்தும் இருக்கும். வாசிப்பவரின் செவியும் செய்பவரின் கையும் கூடியதால் பிறந்தது அக்கருவி. இன்று பெரும்பாலான நாகசுரக் கலைஞர் கையில் விளங்குவது பாரியே.

இவ்வளவு அரிய கலையை வளர்த்தவர்க்கு அக்காலச் சமுதாயம் அளித்த மதிப்போ மிகக் குறைவு. செல்வர் இல்லங்களில் நாகசுரக்காரரும் தவில்காரரும் மேலாடையின்றி நின்றே வாசிக்க வேண்டும்; துண்டைத் தோளில் இடலாகாது, இடையில் கட்டிக்கொள்ள வேண்டும் என்னும் கட்டுப்பாடு இருந்தது. வாய்ப்பாட்டுக்காரர் மேடைமீது அமர்ந்து பாட, மேளக்காரர் வாயிலில் நின்று வாசித்தனர். கோயிலில் இறைவனுக்கு முன் செல்லும் உரிமை பெற்றவர்க்கு, மனிதர் வீட்டில் உட்காரும் உரிமை இல்லாதிருந்தது.

இவ்வழக்கத்தை இராசரத்தினம் பிள்ளை ஏற்க மறுத்தார். அவர் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டார். பட்டுச் சட்டையும் நீண்ட மேலங்கியும் அணிந்தார். காதில் வைரக் கடுக்கன் ஒளிவிட அவை புகுந்தார். நாகசுரக் கச்சேரிக்கு மேடை வேண்டும் என்றும், வித்துவான்கள் அமர்ந்தே வாசிப்பர் என்றும் வற்புறுத்தினார். சிலர் அதனைச் செருக்கு என்று இகழ்ந்தனர். ஆயினும் அவர் கேட்ட மேடை அவர் ஒருவர்க்கு மட்டும் உரியதன்று. நாகசுரக்காரர் அமர்ந்தால் உடன் வாசிக்கும் தவில்காரரும் அமர்வார். ஒத்துக்காரரும் தாளக்காரரும் அமர்வர். ஒருவர் பெற்ற மதிப்பு மேளம் முழுவதற்கும் பொதுவாயிற்று. அதே வேளையில் பழைமை முழுதும் அவ்வாறே நிற்கவும் இல்லை. அரங்குகளில் அவர் சுருதிக்குத் தம்புராவைக் கைக்கொண்டார். அம்மாறுதலால் ஒத்தின் பழைய இடம் சுருங்கலாயிற்று. எந்தப் புதுமையும் ஏதேனும் ஒன்றை விலையாகக் கேட்கும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அவர் காலத்தில் இசைத்தட்டு ஊர்தோறும் பரவியது. நிமிடத்திற்கு 78 சுற்றுகள் சுழலும் அத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களுக்கே இடம் உண்டு. தோடி இராகத்தை மணிக்கணக்கில் விரித்துரைக்கும் ஆற்றல் பெற்றவர் அதனை மூன்று நிமிடங்களில் அடக்குதல் எளிதோ? கடலைச் செம்பில் முகப்பது போன்றது அது. வீதியில் ஒரு சங்கதி சரியாக அமையாவிடின் அடுத்ததில் ஈடுசெய்யலாம். ஒலிப்பதிவில் அதற்கு இடமில்லை. ஒருவர் தவறினாலும் அனைவரும் மீண்டும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். இவ்வளவு கட்டுப்பாட்டிற்கிடையேயும் அவர் பதிவு செய்த தோடி, இராகத்தின் முழு உருவையும் காட்டி நின்றது. அவரை நேரிற் கண்டிராத மக்களும் தேநீர்க் கடைகளிலும் திருமணப் பந்தல்களிலும் அதனைக் கேட்டுத் திளைத்தனர். தோடி என்றால் இராசரத்தினம் என்னும் வழக்கும் நாட்டில் உண்டாயிற்று. வானொலியும் அவர் இசையைப் பரப்பியது. 1940 இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய காளமேகம் என்னும் திரைப்படத்தில் அவர் புலவர் காளமேகமாக நடித்தார்.

1947 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14 ஆம் நாள் அவர் வாழ்வில் பெருமை மிக்க நாள். பாரதம் விடுதலை பெறும் தறுவாயில், திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் புதுதில்லியில் சவகர்லால் நேருவிடம் செங்கோல் அளிக்கப்பட்டது. அந்நிகழ்ச்சியில் ஆதீன வித்துவானாகிய இராசரத்தினம் பிள்ளையின் நாகசுரம் முழங்கியது. செல்வர் வாயிலில் நின்று வாசிக்கப் பணிக்கப்பட்ட கலை, ஒரு நாட்டின் புதுவாழ்வுக்கு மங்கல ஒலியாயிற்று. அச்செங்கோல் 2023 ஆம் ஆண்டு முதல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் இடம்பெற்றுள்ளது.

குறையில்லா மனிதர் உலகில் இலர். ஈட்டிய பெரும்பொருளைச் சேமித்து வைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. வந்ததை வந்தவாறே செலவிட்டார். குறித்த நேரத்தில் கச்சேரிக்கு வாராதிருந்ததும் உண்டு. அவ்வேளைகளில் அவையோரே அன்றி, கருவிகளோடு உடன் வாசிக்க வந்தோரும் காத்திருக்க நேர்ந்தது. நால்வர் கூடிச் செய்யும் தொழிலில் ஒருவரின் குறை ஒருவரோடு நிற்பதில்லை. எனினும் அவர் வந்து அமர்ந்து சீவாளியை உதட்டில் வைத்த மாத்திரத்தில், காத்திருந்தோர் தம் சினத்தை மறந்தனர்.

தம் கலையைப் பிறர்க்கு வழங்குவதில் அவர் தயங்கவில்லை. நெல்லைச் சீமையினின்று வந்த காருகுறிச்சி அருணாசலம் அவரிடம் மாணவராகச் சேர்ந்து, அருகில் அமர்ந்து துணையாக வாசித்தே கலையின் நுட்பங்களை உணர்ந்தார். ஆசிரியரின் மூச்சைப் பின்தொடர்ந்து தம் மூச்சையும் பழக்கிக்கொண்டார். மேளமே அவருக்குப் பள்ளியாயிற்று. பின்னர் அவரும் நாடறிந்த நாகசுர மேதையாக விளங்கி, ஆசிரியரின் புகழை நிலைநாட்டினார்.

1956 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12 ஆம் நாள் இராசரத்தினம் பிள்ளை சென்னையில் இயற்கை எய்தினார். அவர் விட்டுச் சென்ற செல்வம் பொன்னும் மணியும் அன்று. சில இசைத்தட்டுகள், பாரி என்னும் திருந்திய கருவி, கலைஞர் அமர்ந்து வாசிக்கும் மேடை ஆகியவையே அவர் வைத்துச் சென்றவை. நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்கு 2022 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வூர்ப் பட்டறைகளில் ஆச்சா மரத்தைக் கடையும் கைகள் இன்றும் ஓயவில்லை.

காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. நாகசுரமும் தவிலும் முழங்க இறைவன் வீதிவலம் வருங்கால் மக்கள் கூடி நின்று கண்டு மகிழ்கின்றனர். மேளத்தார் இன்று சட்டை அணிந்து, தலை நிமிர்ந்து நடக்கின்றனர். அந்நிமிர்வு எளிதில் வந்ததன்று. தன் கலையை உயர்த்தியவர், தன்னோடு உடன் வாசித்தோரையும் உயர்த்தினார். தாம் பெற்ற சிறப்பைத் தம் கூட்டத்தார் அனைவர்க்கும் உரியதாக்குதலே உண்மைப் பெருமை என்பதை நாகசுர வேந்தரின் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.