வ.உ.சி. பார்த்த வேலைகள்

கப்பலோட்டிய தமிழன் என்றதும் நம் நெஞ்சில் எழுவன இரண்டு காட்சிகள். ஒன்று, தூத்துக்குடிக் கடலில் மிதந்த சுதேசிக் கப்பல். மற்றொன்று, கோவைச் சிறையில் சுழன்ற செக்கு. பாடநூல் தொடங்கிப் பேச்சுப் போட்டி மேடை வரை இவ்விரண்டையுமே கேட்டு வளர்ந்திருக்கின்றோம். ஆனால் வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்களின் வாழ்வில் ஒரு குமாஸ்தா மேசையும் உண்டு. ஒரு மளிகைக் கடையும் உண்டு. படிப்புக்கும் தொழிலுக்கும் இடையே நிற்கும் நம் போன்ற மாணவர்க்கு அவையே நெருக்கமானவை என்று கருதி இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

ஒட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் வ.உ.சி. தந்தையார் வக்கீல். வீரப்பெருமாள் அண்ணாவியிடம் தமிழ் பயின்றார்; பின்னர்த் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் பள்ளிப் படிப்பை முடித்தார். வக்கீல் மகன் நேரே வக்கீலுக்குப் படிக்கப் போனதாகவே பலரும் எண்ணுவர். அவ்வாறன்று. இடையில் சிறிது காலம் ஒட்டப்பிடாரம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்து சம்பளம் வாங்கினார். அதன் பின்னரே தந்தையார் அவரைச் சட்டம் பயிலத் திருச்சிக்கு அனுப்பி வைத்தார்.

வரலாற்று நூல்கள் இந்த வேலையை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு அவ்வளவு எளிதாகக் கடந்து போக மனம் வரவில்லை. தாலுகா அலுவலகம் என்பது என்ன? பட்டா, அடங்கல், கிஸ்தி, மனு, மனுவின் மேல் எழுதப்படும் குறிப்பு. ஓர் ஏழைக் குடியானவனின் நிலம் யார் பெயரில் நிற்கிறது என்பதைத் தீர்மானிக்கும் காகிதங்கள் அங்கேதான் நடமாடுகின்றன. அரசு என்னும் பெரிய இயந்திரம் எந்த இடத்தில் ஓடுகிறது, எந்த இடத்தில் நின்று போகிறது என்பதை அங்கே சில மாதம் அமர்ந்தவன் அறிந்துகொள்வான். சட்டப் புத்தகம் படிக்கும் முன்பே அவர் அதைக் கண்டுவிட்டார் என்பது என் துணிபு.

பக்கத்து ஊராகிய எட்டயபுரத்தில் பிறந்த பாரதியாரும் இப்படி ஒரு தற்காலிக வேலை பார்த்தவரே. மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் 1904ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை தமிழாசிரியராக இருந்தார். அங்கிருந்துதான் சென்னைக்குச் சென்று சுதேசமித்திரனில் சேர்ந்தார்.

சில வாரம், சில மாதம் செய்யும் வேலை என்றால் நம்மில் பலர்க்கு ஓர் இளக்காரம் உண்டு. நம் கடற்கரைக்கோ அது புதிதன்று. முத்துக்குளிப்பு ஆண்டு முழுவதும் நடந்த தொழில் அன்று. சிப்பி விளைந்த ஆண்டில், கடல் அமைந்திருக்கும் பங்குனி சித்திரையை ஒட்டிய சில வாரங்களில் மட்டும் நடந்தது. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்க்கு, எஞ்சியது அரசுக்கு என்பது நெடுநாள் வழக்கம். இக்கரையில் 1961க்குப் பின் அத்தகைய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆனால் அந்த மூன்றில் ஒரு பங்கு என்னும் கணக்கை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. வேலை குறுகிய காலத்தது என்பதற்காகக் கூலியை யாரும் மறுக்கவில்லை.

சென்ற கோடை விடுமுறையில் நானும் வகுப்புத் தோழர் இருவரும் ஒரு சரக்குக் கிடங்கில் ஆறு வாரம் கணக்கெடுக்கும் வேலைக்குச் சென்றோம். மூட்டை எண்ணுவதற்குப் பட்டப் படிப்பு எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். மூட்டை எண்ணியது முதல் வாரம் மட்டுமே. எந்தச் சீட்டு இல்லாவிட்டால் சரக்கு நகராது, யார் கையெழுத்துக்காக லாரி காத்து நிற்கிறது என்பவற்றைப் பின்னர்க் கற்றோம்.

வ.உ.சி. 1894இல் வக்கீல் தேர்வில் வென்று அடுத்த ஆண்டு ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். ஏழைகளுக்குப் பொருள் வாங்காமலே வாதாடினார். போலீசார் தொடுத்த வழக்குகளை உடைத்தெறிந்ததால் அதிகாரிகளின் பகையும் வந்தது. மகனுக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சிய தந்தையார் 1900இல் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பினார். அஞ்சி அனுப்பிய இடத்தில்தான் பெரும்புயல் காத்திருந்தது!

அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடுவது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் தனியுரிமை போல் இருந்தது. 1906 அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு 2 இலட்சம் ரூபாய் கொடுத்தார். வ.உ.சி. ஏற்ற பதவி உதவிச் செயலாளர் என்பதே. பதவியின் பெயரைப் பார்த்து உழைப்பை அளப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பங்கு விற்க ஊர் ஊராக அலைந்தவரும், வாடகைக் கப்பல் கைவிட்டுப் போனபோது சொந்தக் கப்பல் தேடிப் பம்பாய்க்கு ஓடியவரும் அந்த உதவிச் செயலாளரே. காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் 1907இல் வந்து சேர்ந்தன. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகக் கூறிக் குடையும் கொடுத்துப் பார்த்தது. ஆயினும் மக்கள் சுதேசிக் கப்பலையே நாடினர்.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது கோரல் மில் வேலைநிறுத்தம். நீண்ட வேலை நேரம், சொற்பக் கூலி, வார விடுமுறையும் இல்லை. 1908 பிப்ரவரி 27ஆம் நாள் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றனர். மார்ச் முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. தேச விடுதலைக்குப் போராடியவர் ஒரு நாள் கூலிக் கணக்கையும் சிறிதென்று ஒதுக்கவில்லை. என் நண்பர் ஒருவரிடம் ஓர் இடத்தில் இரண்டு மாதம் முழுநேர வேலை வாங்கிக்கொண்டு, சம்பளம் கேட்டபோது அனுபவமே சம்பளம் என்று சொல்லிச் சான்றிதழ் ஒன்றை மட்டும் நீட்டினார்களாம். பழகுநர்க்கு உதவித்தொகை தரவேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் பழகுநர் சட்டமே கூறுகிறது. அச்சட்டத்தின் கீழ் வராத வேலைகளிலும் நாம் அதே நியாயத்தைக் கேட்கலாம். கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

மார்ச் 12ஆம் நாள் கைது. ஜூலை 7ஆம் நாள் இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவைச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் பட்ட பாட்டை நாமெல்லாம் அறிவோம். கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. 1912 டிசம்பர் 24ஆம் நாள் விடுதலையானபோது கப்பலும் இல்லை, வக்கீல் உரிமமும் இல்லை.

நாற்பது வயதில் மீண்டும் தொடக்கத்திலிருந்து வேலை தேடிய வ.உ.சி.யை எந்தப் பேச்சுப் போட்டியிலும் நான் கேட்டதில்லை. சென்னையில் மளிகைக் கடையும் மண்ணெண்ணெய்க் கடையும் வைத்தார். கோவைக்குச் சென்று ஒரு வங்கியில் மேலாளராக இருந்தார். வருவாய் போதவில்லை. இதற்கிடையே திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையை 1917இல் பதிப்பித்தார். வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் பின்னர் உரிமம் திரும்பக் கிடைத்தது; நன்றி மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். தம்மைச் சிறையில் வைத்த ஆட்சியின் நீதிபதிக்கு இப்படி நன்றி காட்ட எத்தனை பேர்க்கு மனம் வரும்?

கோவில்பட்டியில் சில காலம் வக்கீல் தொழில் பார்த்து 1932இல் தூத்துக்குடிக்கே திரும்பினார். 1974இல் பெருந்துறைமுகமான அவ்வூர்த் துறைமுகத்துக்கு 2011இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. அவரோ தம் கடைசி நாள்களில் வறுமையில் இருந்தார். இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் எழுதிய உயிலில், கடைகளுக்குத் தாம் தரவேண்டிய சில்லறைப் பாக்கிகளையும் மறவாமல் குறித்து வைத்தார். 1936 நவம்பர் 18ஆம் நாள், தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது.