ஸ்குட்டாரியின் மூன்று பதிவேடுகள்

செவிலியர் கல்லூரிகளில் ஆண்டுதோறும் விளக்கேற்றும் விழா நடைபெறுகிறது. மாணவியர் கையில் விளக்கேந்தி உறுதிமொழி ஏற்கும்போது நினைவுகூரப்படுபவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். அந்த விளக்கே அவரைப் பாதி மறைத்துவிட்டது என்று தோன்றுகிறது. போர்க்கால மருத்துவமனையில் அவர் விளக்குடன் நடந்தது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான காலம். எழுதுகோலுடன் அமர்ந்திருந்ததோ நாற்பது ஆண்டுகளுக்கு மேல்.

1820 மே 12 அன்று இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். ஊரின் பெயரே அவர் பெயராயிற்று. செவிலியர் பணி மதிப்பிழந்த வேலையாகக் கருதப்பட்ட காலம். வீட்டார் கடுமையாக எதிர்த்தனர். 31 வயதில்தான் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி பெற முடிந்தது.

1854 நவம்பரில் 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்குட்டாரியை அடைந்தார். கிரிமியப் போரில் காயமுற்ற பிரிட்டிஷ் வீரர்கள் அங்குதான் கொண்டுவரப்பட்டனர். அங்கிருந்த அழுக்கையும் நெரிசலையும் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். அதிகம் பேசப்படாதது இறந்தோர் கணக்கு. அடக்கம் செய்யப்பட்டோரை ஒரு பதிவேடும், மருத்துவர்கள் அறிவித்த மரணங்களை இன்னொன்றும், படை அலுவலக அறையின் கணக்கை மூன்றாவதும் வைத்திருந்தன. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எத்தனை பேர் இறந்தனர் என்பதே தெரியாத இடத்தில், ஏன் இறந்தனர் என்று எப்படி அறிவது?

1855 பிப்ரவரியில் அங்கு நோயுற்றோரில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் மாண்டனர். மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைத் தூய்மைப்படுத்திக் காற்றோட்டத்துக்கு வழி செய்தது. ஜூனில் இறப்பு நூற்றுக்கு இரண்டளவுக்கு இறங்கியது. உணவும் உடையும் போதாமையே முதன்மைக் காரணம் என்று நைட்டிங்கேல் அப்போது கருதியிருந்தார். நாடு திரும்பி, புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபாருடன் எண்களை ஆராய்ந்தபோது வேறோர் உண்மை தெரிந்தது: போர்க்காயத்தால் இறந்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய தொற்றுநோய்களால் இறந்தவர்களே மிகப் பலர். அவர் பணியாற்றிய கட்டடமும் அதற்கு ஒரு காரணம். அதை மூடி மறைக்காமல் வண்ண வரைபடங்களாக்கி ஆட்சியாளர் முன் வைத்தார். 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானார்.

அடுத்து அவர் பார்வை லண்டன் மருத்துவமனைகள்மீது விழுந்தது. ஒவ்வொன்றும் நோய்களைத் தன் விருப்பப்படி பெயரிட்டு, வகைப்படுத்தி எழுதிவந்தது. பெயர் ஒன்றாக இல்லாதபோது எண்களை ஒப்பிட இயலாது. எனவே ஃபாரின் உதவியுடன் ஒரே மாதிரியான நோய்ப் பட்டியலையும் படிவங்களையும் வகுத்தார்: ஆண்டுத் தொடக்கத்தில் இருந்தோர், சேர்ந்தோர், குணமடைந்தோர், இறந்தோர், தங்கிய நாட்கள். 1860இல் லண்டனில் கூடிய அனைத்துலகப் புள்ளியியல் மாநாடு அதை வரவேற்றது. ஆனால், நடைமுறையில் அது நீடிக்கவில்லை. படிவம் சிக்கலானது; பெயர்களைப் பற்றி மருத்துவர்களிடையே உடன்பாடும் இல்லை. பணிநேரம் முடியும் தறுவாயில் கேஸ் ஷீட்டை நிரப்பும் இன்றைய செவிலியர் அந்த மருத்துவர்களிடம் சற்று இரக்கம் காட்டக்கூடும்.

அதே ஆண்டில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. மாணவியர் நாட்குறிப்பு எழுதுவது அங்கு கடமை. செவிலியர் பணி பற்றிய அவருடைய சிறுநூலும் அப்போதுதான் பரவியது. அதில் நோயாளியைக் கூர்ந்து நோக்குவது பற்றிய பகுதி இன்றும் பாடமாகத்தக்கது. நோயாளி நன்றாக உறங்கினாரா என்று கேட்பதை அவர் ஏற்கவில்லை. எத்தனை மணி நேரம், இரவின் எந்தப் பொழுதில் என்று கேட்கச் சொன்னார். உணவு மிஞ்சியிருந்தால் பசியில்லை என்று எழுதிவிடுவதும் அவருக்கு உடன்பாடில்லை. சமையல் சரியில்லையா, உணவு பொருந்தவில்லையா, கொடுத்த நேரம் தவறா, உண்மையிலேயே பசியில்லையா என நான்கையும் பிரித்தறிய வேண்டும். நான்குக்கும் மருந்து வேறு வேறு அல்லவா!

இந்தியாவுக்கு அவர் ஒருபோதும் வந்ததில்லை. ஆயினும் சென்னை மாகாணம் உட்பட இங்கிருந்த படைமுகாம்களுக்கெல்லாம் வினாத்தாள்கள் அனுப்பக் காரணமானார். குடிநீர், வடிகால், நோய், மரணம் பற்றிய விடைகள் கட்டுக்கட்டாகக் கப்பலேறின. 1863இல் வெளியான ஆணைய அறிக்கை, பிரிட்டிஷ் வீரர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இந்தியாவில் இறந்துவந்ததைக் காட்டியது. படுக்கையில் நோயுற்றுக் கிடந்தபடியே அவற்றை அவர் பகுத்தாய்ந்தார்.

முதுமையில் பார்வை போயிற்று, எழுதுவதும் நின்றது. 1910 ஆகஸ்ட் 13 அன்று லண்டனில் காலமானபோது வயது 90. வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்ததை உறவினர்கள் மறுத்துவிட்டனர். ஹாம்ப்ஷயரின் சிற்றூர்க் கல்லறையில் அவருக்காகப் பொறிக்கப்பட்டவை பெயரின் இரண்டு முதலெழுத்துகள், பிறந்த நாள், இறந்த நாள் மட்டுமே.