தில்லையாடி வள்ளியம்மை
(1898 - 1914)



நம்ம கோவில்பட்டியில இருந்து சாத்தூர் போகணும்னா என்ன செய்வோம்? பஸ் ஏறினா அரை மணி, முக்கால் மணி நேரம். அதுக்கு அனுமதிச்சீட்டு வேணும், இல்லாட்டி ஜெயில்னு சட்டம் இருந்தா எப்படி இருக்கும்? 110 வருஷத்துக்கு முன்னால தென்னாப்பிரிக்காவில் நம் தமிழர்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள். ஒரே நாட்டில் டிரான்ஸ்வாலிலிருந்து நேட்டாலுக்குப் போகவும் அவர்களுக்கு அனுமதி தேவைப்பட்டது. அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களில் ஒருவர்தான் வள்ளியம்மை. அப்போது அவருக்கு நம்ம பத்தாம் வகுப்பு அக்காமார் வயசு.

நம்மவர்கள் அங்கே போனது எப்படி? 1860 நவம்பர் 16-ல், சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தவர்கள் 5 வருட ஒப்பந்தக் கூலிகள். கரும்புத் தோட்டத்தில் வேலை. சம்பளம் முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், ஐந்தாம் வருடம் 14 ஷில்லிங். 1911 வரை சுமார் ஒன்றரை லட்சம் பேர் இப்படிப் போனார்கள்.

ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்க நினைத்தவர்கள் தலைக்கு 3 பவுன் வருட வரி கட்டணும் என்று 1895-ல் சட்டம் வந்தது. 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். கணக்குப் போட்டுப் பாருங்க, ஏறக்குறைய அரை வருஷச் சம்பளம்! பிறகு 16 வயதான பையன்களுக்கும் 13 வயதான பெண்பிள்ளைகளுக்கும்கூட அந்த வரி விதிக்கப்பட்டது. போதாக்குறைக்கு 1913 மார்ச்சில், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரே நாளில் நம் தாய்மார்கள் சட்டப்படி மனைவிகளே இல்லை என்றாகிவிட்டது. அதுவரை வீட்டில் இருந்த பெண்கள் வீதிக்கு வந்தார்கள்.

வள்ளியம்மை 1898 பிப்ரவரி 22-ல் ஜோகன்னஸ்பர்க் நகரில் பிறந்தவர். தந்தை முனுசாமி வியாபாரி. தாயாரின் ஊர் தரங்கம்பாடி பக்கம் உள்ள தில்லையாடி. காந்தியடிகள் போராட்டத்தை அறிவித்ததும் தாயும் மகளும் சேர்ந்தே கிளம்பினார்கள். டிரான்ஸ்வால் பெண்களின் இரண்டாவது குழுவோடு நேட்டாலுக்குள் போய், ஊர் ஊராகத் தொழிலாளர்களைச் சந்தித்து, 3 பவுன் வரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யும்படி பேசினார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 1913 நவம்பர் 6-ல் காந்தியடிகளோடு 2,000-க்கும் மேற்பட்டோர் எல்லையைக் கால்நடையாகக் கடந்தார்கள்.

டிசம்பரில் வள்ளியம்மைக்கும் தாயாருக்கும் 3 மாதம் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. மாரிட்ஸ்பர்க் சிறை. போன சில நாட்களிலேயே கடும் காய்ச்சல். முன்கூட்டியே விடுதலை செய்கிறோம் என்று அதிகாரிகள் சொன்னபோது அவர் ஏற்கவில்லை. கடைசியில் வெளியே வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். வீட்டுக்குப் பார்க்க வந்த காந்தியடிகளிடம், சிறை சென்றதற்காகத் துளியும் வருந்தவில்லை என்றே தெரிவித்தார். 1914 பிப்ரவரி 22-ல் உயிர் பிரிந்தது. அன்றுதான் அவருக்கு 16 வயது நிறைந்தது.

அதே ஆண்டு ஜூலைக்குள் புதிய சட்டம் வந்தது. 3 பவுன் வரி ஒழிந்தது. நம் திருமணங்களும் செல்லுபடியாயின. அந்த வெற்றியைப் பார்க்க வள்ளியம்மை இல்லை. 1915-ல் தாயகம் திரும்பிய காந்தியடிகள் தில்லையாடிக்கே நேரில் வந்து மரியாதை செலுத்தினார். 2008-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

நண்பர்களே, இது தூரத்துக் கதை இல்லை. மழை பொய்த்த காலங்களில் நம்ம கரிசல் காட்டு மக்களும் தூத்துக்குடியில் கப்பல் ஏறி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள்தான். போரால் அங்கிருந்து வந்த தமிழர்களுக்கு எட்டயபுரம் பக்கத்துத் தாப்பாத்தியில் முகாம் இருக்கிறது. பிழைக்கப் போகிறவரும், உயிர் பிழைக்க வருகிறவரும் கேட்பது ஒன்றுதான்: பயமில்லாத வழி, மானத்தோடு ஒரு வாழ்க்கை. அகதி என்ற சொல்லை யாராவது கேலியாகச் சொன்னால், அந்த இடத்திலேயே தடுத்துப் பேசுவோம். வள்ளியம்மைக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.

உங்களுக்குத் தெரியுமா?
வள்ளியம்மை தில்லையாடியில் பிறக்கவில்லை. அவர் பிறந்ததும் மறைந்ததும் ஜோகன்னஸ்பர்க்கில். இருந்தாலும் அம்மாவின் ஊர்ப்பெயரே அவர் பேரோடு நிலைத்துவிட்டது.

தொகுப்பு: 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு