காற்றுக்குக் காவல் கேட்ட காரிகை

வயலிலே தெளிக்கும் நஞ்சு வயலோடு நின்றுவிடுவதில்லை. நுண்ணிய துளியாகவும் ஆவியாகவும் காற்றிலே ஏறி, வேலி கடந்து, அயலார் முற்றத்திலும் கிணற்றிலும் படிகின்றது. வேலிக்குச் சட்டம் உண்டு. காற்றுக்குச் சட்டம் உண்டா? இவ்வினாவை உலகின் செவியில் உறைக்கும்படி எழுப்பியவர் றேச்சல் கார்சன் அம்மையார்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே, ஸ்பிரிங்டேல் என்னுஞ் சிற்றூரில் 1907 ஆம் ஆண்டு மே மாதம் 27 ஆந் திகதி அவர் பிறந்தார். செல்வங் குறைந்த குடும்பம். தோப்புக்கும் ஓடைக்கரைக்கும் மகளை அழைத்துச் சென்று, புள்ளினத்தையும் பூச்சியினத்தையும் நேசிக்கக் கற்பித்தவர் அன்னை மரியா. எழுத்தாளராக விரும்பிக் கல்லூரி புகுந்த மகள், உயிரியலிலே மனதைப் பறிகொடுத்தார். 1932 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சர்வகலாசாலையில் விலங்கியல் முதுமாணிப் பட்டம் பெற்றார். 1935 இல் தந்தையார் காலமாகவே, குடும்பச் சுமை அவர் தோளில் ஏறிற்று. மறு ஆண்டு அரசாங்க மீன்பிடிப் பகுதியில் உத்தியோகம் ஏற்றார். பகலிலே அலுவலகம்; இரவிலே எழுத்து. 1951 இல் கடலைப் பற்றி அவர் வெளியிட்ட நூல் புகழையும் பொருளையும் ஒருங்கே ஈட்டித் தந்தது. அடுத்த ஆண்டே உத்தியோகத்தைத் துறந்து, எழுத்தையே தொழிலாகக் கொண்டார்.

1957 இல் நியூயோர்க் மாநிலத்து லோங் ஐலன்ட் பகுதியில், மரங்களை அரிக்கும் ஒருவகை அந்துப்பூச்சியை ஒழிக்கவென்று, டி. டி. ரி. மருந்தை எண்ணெயிற் கலந்து விமானங்கள் பொழிந்தன. காய்கறித் தோட்டமும் புற்றரையும் குளமும் பேதமின்றி நனைந்தன. குடிமக்கள் நீதிமன்றம் ஏறினர், வழக்குத் தோற்றது. அந்நாட்டு உயர் நீதிமன்றமும் 1960 இல் அதனை விசாரிக்க மறுத்துவிட்டது. ஆயினும் அவ்வழக்கிலே திரண்ட சாட்சியங்கள் வீண்போகவில்லை. அவை கார்சன் அம்மையாரின் கைக்கு எட்டின. நுளம்பை ஒழிக்க வந்த விமானம் பறந்து சென்றபின், தம் வளவிலே பறவைகள் மடிந்து கிடந்த துயரை 1958 இல் தோழி ஒருவரும் எழுதினார்.

அம்மையார் ஆராய்ச்சியில் மூழ்கினார். 1960 இல் புற்றுநோய் அவரைப் பற்றியது. தம் நோயைப் பகைவர் ஆயுதமாக்குவர் என்றஞ்சி, அதனை வெளியார் அறியாது மறைத்து எழுதினார். 1962 செப்டெம்பரில் "மௌன வசந்தம்" வெளிவந்தது. இரசாயனக் கம்பனிகள் சீறி எழுந்தன. நஞ்சு முழுவதையும் விலக்குக என்று அவர் கூறினாரல்லர். அறியாமையோடும் அளவின்றியும் தூவுதலையே கண்டித்தார். 1963 மே மாதத்தில் ஜனாதிபதி கென்னடியின் விஞ்ஞான ஆலோசகர் குழுவும் அவர் கருத்துக்கு அரணாக அறிக்கை விடுத்தது.

அவ்வாண்டு யூன் 4 ஆந் திகதி, நோயுற்ற உடலோடு செனற் சபையின் உபகுழு முன்னே தோன்றினார். பிறர் தூவும் நஞ்சு தன் இல்லம் புகாதிருக்கக் குடிமகனுக்கு உரிமை வேண்டும். தெளிக்குமுன் ஊருக்கு அறிவித்தல் வேண்டும். இழப்புற்றவனுக்குப் பரிகாரம் வேண்டும். விமானத் தெளிப்புக் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் அமைதல் வேண்டும் என வாதாடினார்.

1964 ஏப்பிரில் 14 ஆந் திகதி, தமது 56 ஆவது வயதிலே கண்மூடினார். 1970 இல் அமெரிக்காவிலே சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனம் தோன்றியதையும், 1972 இல் பயிர்களுக்கு டி. டி. ரி. தெளித்தல் அங்கு தடைசெய்யப்பட்டதையும் காண அவர் இருக்கவில்லை.

பயிரைக் காப்பது உழவன் கடமை. அயலான் சுவாசிக்குங் காற்றைக் காப்பதும் அக்கடமையின் பகுதியே. நோயோடு போராடிய அந்தப் பெண்மணி நமக்கு விட்டுச் சென்ற அறம் இதுவே.