தயிரை நம்பிய விஞ்ஞானி

வயிறு சரியில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொன்னால் போதும், புரோபயோடிக் சாப்பிடச் சொல்லி நாலு பேர் பதில் போடுகிறோம். நல்ல பாக்டீரியாவைச் சாப்பிட்டால் குடல் சீராகும் என்ற எண்ணத்தை உலகம் முழுக்கப் பரப்பியவர் எலீ மெச்னிகோஃப். இந்த இதழில் அவர் கதை.

1845-இல், இன்றைய உக்ரைனின் கார்கிவ் நகருக்கு அருகே பிறந்தார். விலங்கியல் படித்தார். 1869-இல் லுட்மிலாவைக் கைப்பிடித்தார். காசநோயால் நடக்கக்கூட முடியாத மணப்பெண்ணை நாற்காலியில் வைத்துத்தான் தேவாலயத்துக்குத் தூக்கிப் போனார்கள். நான்கே ஆண்டுகளில் அவர் இறந்துவிட்டார். துக்கம் தாளாத மெச்னிகோஃப் தன் உயிரையும் விடத் துணிந்து, எப்படியோ பிழைத்தார். 1875-இல் ஓல்காவை மணந்தார்.

1882-இல் இத்தாலியின் மெசினாவில் கடலோரமாகத் தங்கியிருந்தார்கள். வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த நேரம், கண்ணாடி போலத் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் விடியற்காலையில் பார்த்தால், உடலில் திரியும் செல்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன! நம் வெள்ளையணுக்களும் இப்படித்தான் கிருமிகளை விழுங்கிக் காக்கின்றன என்று அவர் கண்டது அதன் தொடர்ச்சி. இதற்காக 1908-இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1888-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். வயது ஏற ஏற, மூப்பு ஏன் வருகிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. பெருங்குடலில் உணவை அழுக வைக்கும் பாக்டீரியாக்களின் நஞ்சே காரணம் என்று முடிவு கட்டினார். பல்கேரியாவில் புளித்த பால் குடிக்கும் கிராமத்தார் நூறு வயதைத் தாண்டுகிறார்கள் என்ற செய்தி அவருக்குப் பெரிய சான்றாகத் தெரிந்தது. முள்ளைத் தன் கண்ணால் பார்த்து நம்பியவர், இதைக் கேள்விப்பட்டே நம்பினார்! தானும் தினமும் புளித்த பால் குடித்தார். பாக்டீரியா மாத்திரைகள் கடைகளுக்கு வந்தன. அந்தப் பல்கேரிய பாக்டீரியா மனிதக் குடலில் தங்குவதில்லை என்பது பின்னர்தான் தெரிந்தது.

குடல் பாக்டீரியாவுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு உண்டு என்ற அவருடைய அடிப்படை ஊகம் வீண்போகவில்லை. ஆனால் ஐ.பி.எஸ். நோயில் (போலீஸ் அதிகாரி அல்ல; வயிற்றுவலி, உப்புசம், ஒருநாள் போக்கு மறுநாள் சிக்கல் என்று படுத்தும் குடல் தொல்லை) புரோபயோடிக் பயன் தருமா என்பதில் மருத்துவர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. 2021-இல் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவக் கல்லூரி, ஆதாரம் போதாது, பரிந்துரைக்க வேண்டாம் என்றது. அதே ஆண்டு பிரிட்டிஷ் சங்கம், விரும்பினால் 12 வாரம் வரை சாப்பிட்டுப் பார்க்கலாம், குறையாவிட்டால் நிறுத்திவிடலாம் என்றது. ஒரு டப்பாவில் உள்ள பாக்டீரியா இன்னொன்றில் இருப்பதில்லை. இந்த நோயும் தானே ஏறி இறங்கும். எதனால் குறைந்தது என்று சொல்வது கடினம். ஆகவே மாதக்கணக்கில் காசைக் கரைக்காமல், தேதி குறித்துக்கொண்டு சாப்பிட்டுப் பாருங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, ஐம்பதைத் தாண்டியபின் புதிதாக வந்த மாற்றம் என்றால் புரோபயோடிக்கைத் தேட வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள். வீட்டுத் தயிர் ஒத்துக்கொண்டால் தாராளமாகச் சாப்பிடலாம். அதை மருந்தாக எண்ண வேண்டியதில்லை.

மெச்னிகோஃப் நூறைத் தொடவில்லை. இதய நோயால் 1916 ஜூலை 15 அன்று, 71 வயதில் பாரிஸில் காலமானார். தான் இறந்தபின் உடலை அறுத்துப் பார்க்கும்போது குடலைக் கவனமாகப் பார்க்கும்படி மருத்துவ நண்பரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சாம்பல் பாஸ்டர் நிறுவனத்தின் நூலகத்தில் இருக்கிறது.