குத்துச்சண்டை வீரர் ழோர்ழ் கார்பாந்தியே

போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்ற செய்தியைப் புறநானூறு பயின்ற மாணவர் யாவரும் அறிவர். அவன் தன் வாழ்நாளில் எத்துணை மல்லரோடு பொருதான் என்பதை எவரும் எண்ணி வைத்திலர். ஒரு வெற்றியே அவன் புகழுக்குப் போதியதாயிற்று. இக்காலத்துக் குத்துச்சண்டை வீரருக்கோ ஒவ்வொரு பந்தயமும் ஏட்டில் ஏறுகின்றது. அவ்வேட்டைப் புரட்டுவார்க்கு ஒரு வியப்புத் தோன்றும். முன்னாளில் தலைசிறந்த வீரர் ஆண்டிற்குப் பத்தும் இருபதும் முறை கோதாவில் இறங்கினர். 1919-ஆம் ஆண்டில் ஹாரி கிரெப் என்னும் அமெரிக்கர் நாற்பதுக்கு மேற்பட்ட பந்தயங்களில் கலந்துகொண்டார். இந்நாளில் உச்சியில் நிற்போர் ஆண்டிற்கு ஒருமுறையோ இருமுறையோ இறங்குவதே பெரிதாயிருக்கின்றது. வீரம் குன்றிற்றோ, வேறு காரணம் உண்டோ என்று ஆராய்வார்க்கு ழோர்ழ் கார்பாந்தியே என்னும் பிரெஞ்சு வீரரின் சரித்திரம் பெரிதும் உதவும் என்பது எம் கருத்து. அம்மாற்றம் ஏறக்குறைய முழுவதும் அவர் ஒருவர் வாழ்விலேயே நிகழ்ந்துவிட்டது.

கார்பாந்தியே 1894-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ஆம் நாள் பிரான்சின் வடபாகத்தில், லான்ஸ் நகருக்கு அணித்தாகிய லியேவேன் என்னும் ஊரிற் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்களே அவ்வட்டாரத்தாரின் பிழைப்பு. சிறுவர் பள்ளியை விட்டதும் சுரங்கத்திற்கோ அதனைச் சார்ந்த தொழிலுக்கோ செல்வது அங்கு வழக்கம். இச்சிறுவரைப் பிரான்சுவா தெகான் என்னும் தேகப்பயிற்சி ஆசான் கண்டெடுத்தார். முதலிற் கற்பித்தது, கையாலும் காலாலும் தாக்கும் பழைய பிரெஞ்சு முறை. பின்னரே கையுறையணிந்து கையால் மட்டும் பொரும் ஆங்கில முறை. அன்றுமுதல் தெகானே ஆசானும் மானேஜரும் தந்தை போன்றவரும் ஆயினார்.

1908-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பதினான்கு வயது நிரம்பிய நிலையில், கார்பாந்தியே பணத்துக்காகப் பொருதும் தொழிலில் இறங்கினார். இதன்பின் ஐந்தாறு ஆண்டுகள் அவருக்கு ஓய்வென்பதே இல்லை. சில வேளைகளில் மாதத்திற்கு இரண்டு பந்தயங்கள்கூட நடந்தன. எதிரிகளிற் பலர் முழு வளர்ச்சியடைந்த ஆடவர். இவரோ வளர வளர, சிற்றெடைப் பிரிவினின்று படிப்படியாக ஏறி, எல்லா எடைப் பிரிவுகளிலும் பொருதார். இதனை ஒரு பெருமையாகவே வரலாற்றாசிரியர் எழுதுவர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. மீசை அரும்பாத சிறுவனை முதிர்ந்த ஆடவர்முன் நிறுத்திக் காசு ஈட்டியதை வீரத்தின் கணக்கில் எழுதலாமோ? வறுமையின் கணக்கில் எழுதுவதே நேர்மையாகும். அந்நாளில் ஒரு பந்தயத்திற்குக் கிடைத்த ஊதியம் சிறிது. அது சின்னாட்களிற் கரைந்துவிடும். மீண்டும் கோதாவுக்குச் செல்ல வேண்டும். கூலிக்காரன் நாள்தோறும் வேலைக்குச் செல்வதற்கும் இதற்கும் வேற்றுமை யாதுளது?

ஆயினும் அக்காலத்து வீரர்க்கு ஒரு வசதியும் இருந்தது. தோல்வி ஒருவனைக் கெடுத்துவிடவில்லை. 1912-இல் கார்பாந்தியே பிராங்க் கிளாஸ், பில்லி பாப்கே ஆகிய இரண்டு அமெரிக்க வீரரிடம் தோற்றார். அதனால் அவர் மதிப்புக் குறைந்ததா? அடுத்த ஆண்டு ஜூன் மாதத்திலேயே, பெல்ஜிய நாட்டுக் கெண்ட் நகரில், தம்மினும் பருத்து உயர்ந்த பில்லி வெல்ஸ் என்னும் ஆங்கிலேயரை நான்காம் சுற்றில் வீழ்த்தி, பேரெடைப் பிரிவில் ஐரோப்பாவின் முதல்வரானார். அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் இலண்டனில் அதே வெல்ஸை முதற்சுற்றிலேயே, ஒன்றேகால் நிமிடத்திற்குள் சாய்த்தார். இன்று தோற்றவன் நாளை வெல்லலாம் என்று இரசிகர் பொறுத்திருந்த காலம் அது.

1914-இல் பெரும்போர் மூண்டது. கார்பாந்தியே விமானப் படையிற் சேர்ந்து இரண்டு வீரப் பதக்கங்கள் பெற்றார். அப்போரிற் பிரான்சின்பொருட்டுப் பொருதோரில் நம் புதுவை மக்களும் இருந்தனர். அவர்க்கு எழுப்பிய நினைவுச் சின்னம் நம் கடற்கரையில் இன்றும் நிற்கின்றது. போருக்குப் பின் கார்பாந்தியே திரும்பியபோது அவர் வெறும் குத்துச்சண்டைக்காரராக மீளவில்லை. அழகிய முகமும் நயத்தக்க நடையும் பதக்கம் பூண்ட மார்புமாகத் தம் நாட்டின் திருவுருவமாகவே மீண்டார். அவர் பெயரே ஒரு முதலாயிற்று. முதலை அடிக்கடி ஆபத்திற்கு உட்படுத்தும் வணிகர் உண்டோ? தெகான் நல்ல வணிகர்.

1920-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவில் பாட்லிங் லெவின்ஸ்கியை வென்று கார்பாந்தியே இடையெடைக்கு மேற்பட்ட பிரிவில் உலக முதல்வரானார். அடுத்து, 1921-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 2-ஆம் நாள், பேரெடை முதல்வராகிய ஜாக் டெம்ப்ஸியை ஜெர்ஸி நகரில் எதிர்த்தார். இப்பந்தயத்திற்கென்றே மரப்பலகைகளால் ஒரு பேரரங்கம் சமைத்தனர். ஏறக்குறைய 80,000 பேர் திரண்டனர். நுழைவுச் சீட்டால் மட்டும் பதினேழு இலட்சம் டாலருக்கு மேல் குவிந்தது; அதற்குமுன் எந்தப் பந்தயமும் பத்து இலட்சத்தைத் தொட்டதில்லை. கார்பாந்தியே இரண்டாம் சுற்றில் தம் கட்டைவிரல் முறிய, நான்காம் சுற்றில் வீழ்ந்தார். பன்னிரண்டு நிமிடத்திற்குட்பட்ட அவ்வுழைப்புக்கு அவர் பெற்றது 2,00,000 டாலர். அவ்வாண்டில் அவர் பொருத பந்தயம் அஃதொன்றே.

அந்த ஒருநாளிற் குத்துச்சண்டைத் தொழிலின் கணக்கே தலைகீழாயிற்று என்போம். பத்தாண்டுப் பந்தயங்கள் தாராத பொருளை ஒரு பந்தயம் தருமாயின், மற்ற ஒன்பதாண்டும் கோதாவில் இறங்கி முகத்தைக் கிழித்துக்கொள்வானேன்? வென்ற டெம்ப்ஸியும் அவ்வாறே நினைத்தார் போலும். அதன்பின் ஈராண்டு அவர் தம் பட்டத்தைப் பணயம் வைக்கவில்லை. 1923-இல் இருமுறை பொருதார். பின் 1926 வரை வாளாவிருந்தார். அவரை எதிர்க்கும் தகுதி வாய்ந்திருந்த கறுப்பினத்தவராகிய ஹாரி வில்ஸுக்கு வாய்ப்புக் கிட்டவேயில்லை. கோதாவுக்கு அரிதாக வருதல் ஒன்று. தக்க எதிரியைத் தவிர்த்தல் மற்றொன்று. முன்னதைக் குறை கூறோம். பின்னதைப் பொறுத்தல் அரிது.

கார்பாந்தியேவுக்கு வந்த இடி தவிர்க்கப்பட்ட எதிரியிடமிருந்து வரவில்லை. எளியவர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவரிடமிருந்து வந்தது. செனெகாலில் சேன்-லூயி என்னும் நகரிற் பிறந்த பாட்லிங் சிக்கியே அவர். அந்நகரத்தார், நம் புதுவையார் போலவே, பாரிசு மன்றத்துக்குத் தம் பிரதிநிதியை அனுப்பும் உரிமை பெற்றிருந்தனர். சிக்கியும் பெரும்போரிற் பொருது பதக்கம் பெற்றவரே. ஆயின் அவரை யாரும் நாட்டின் திருவுருவம் என்று கொண்டாடவில்லை. படையினின்று விடுபட்டபின் மூன்றாண்டுகளுக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட பந்தயங்களில் அவர் உழன்றிருந்தார். கார்பாந்தியேவோ அவ்வாண்டில் அதற்குமுன் இருமுறையே இறங்கியிருந்தார்.

1922-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 24-ஆம் நாள் பாரிசில் இருவரும் சந்தித்தனர். தொடக்கத்திற் கார்பாந்தியேவின் கை ஓங்கிற்று. சிக்கி தரையிலும் விழுந்தார். எழுந்தவரோ வேறொரு மனிதராக எழுந்தார். ஆறாம் சுற்றிற் கார்பாந்தியே நிலைகுலைந்து வீழ்ந்து எழமாட்டாராயினார். நடுவர், சிக்கி காலை இடறிவிட்டார் என்று கூறி அவரை விலக்கி, வீழ்ந்து கிடந்தவருக்கே வெற்றி என்றார். அரங்கம் கொந்தளித்தது. கார்பாந்தியேவைத் தலைமேற் சுமந்த அதே பாரிசு மக்கள் நீதிக்காக ஆரவாரம் செய்தனர். தீர்ப்பு மாற்றப்பட்டது. பின்னர், தாம் தோற்பதாக முன்னரே ஏற்பாடு இருந்ததென்று சிக்கி வெளியிட்டார். அவ்வழக்கை செனெகாலின் பிரதிநிதி பிளேஸ் தியாஞ் பிரெஞ்சு மன்றத்திலும் எழுப்பினார்.

கார்பாந்தியே மேலும் சில ஆண்டுகள் பொருதார். 1924-இல் ஜீன் டன்னியிடம் பதினைந்தாம் சுற்று வரை நின்று தோற்றார். 1926-க்குப்பின் கையுறையைக் கழற்றி, நாடகமேடையிலும் திரைப்படத்திலும் தோன்றினார். அவர் வாழ்வில் நூற்றுக்கு மேற்பட்ட பந்தயங்கள். அவற்றிற் பெரும்பகுதி இருபது வயதுக்குமுன் முடிந்தவை.

அவர் காலத்திற் பணம் தொடங்கியதைப் பின்வந்த காரணங்கள் நிறைவேற்றின. தொலைக்காட்சி பெருகியபின் ஊருக்கு ஊர் இருந்த சிற்றரங்கங்கள் மூடப்பட்டன. இளைஞர் வாரந்தோறும் பழகுதற்கு இடமில்லாமற் போயிற்று. உலகப் பட்டம் வழங்கும் பெருஞ்சபைகள் நான்காகவே, முதல்வர் ஒருவரையொருவர் சந்தியாமலே முதல்வராயிருத்தல் கூடியதாயிற்று. தோல்வியே காணாத ஏடுதான் விலைபோகும் என்ற எண்ணமும் வேரூன்றிற்று. பிளாய்டு மேவெதர் 1996 முதல் 2017 வரை இருபத்தோராண்டில் ஐம்பது பந்தயங்களே பொருதார். அவரும் பிலிப்பைன்ஸ் நாட்டு மேனி பக்கியாவோவும் பொருத வேண்டுமென்று 2009-இல் எழுந்த பேச்சு, 2015-ஆம் ஆண்டு மே மாதத்திலேதான் நிறைவேறியது. அதற்குள் இருவரும் தம் இளமையின் உச்சியைக் கடந்திருந்தனர். இரசிகர்க்கு இது பெருநட்டமே.

மருத்துவரின் சொல்லும் இடையே வந்தது. தலையில் அடிபட்டு வீழ்ந்தவனைச் சில வாரங்களேனும் மீண்டும் இறங்கவிடாத விதிகள் இப்பொழுது பல நாடுகளில் உள்ளன. முன்னே கூறிய கிரெப்புக்கு அத்தகைய காவல் இல்லை. அவர் ஒரு கண்ணின் பார்வையை இழந்தும் அதனை மறைத்துப் பொருதார். ஏறக்குறைய முந்நூறு பந்தயங்களுக்குப்பின், 1926-இல், முப்பத்திரண்டு வயதில் இறந்தார்.

சிக்கி அமெரிக்காவுக்குச் சென்று, ஓய்வின்றிப் பொருதுகொண்டேயிருந்து, 1925-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நியூயார்க்குத் தெருவொன்றில் யாராலோ சுடப்பட்டு இருபத்தெட்டு வயதில் மாண்டார். கார்பாந்தியே பாரிசில் ஒரு மதுச்சாலை நடத்தி, வருவோரிடம் பழங்கதை பேசி, தெளிந்த அறிவோடு நெடுங்காலம் வாழ்ந்து, 1975-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 28-ஆம் நாள் எண்பத்தொன்றாம் வயதில் மறைந்தார். பாரிசு நகரின் தென்பகுதியில் ஒரு விளையாட்டு மண்டபம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. சிக்கியின் எலும்புகள் 1993-இல் நியூயார்க்குக் கல்லறையினின்று எடுக்கப்பட்டு செனெகாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டன.