கடல் கடந்த குழலிசை: பாட்ஸி டூஹி

பிறந்த மண்ணைப் பிரிந்து செல்வோருடன் நிலமும் வீடும் உடன் செல்வதில்லை. மொழியும் இசையுமே செல்கின்றன. அவையும் பேணுவார் இல்லையெனில் ஒரு தலைமுறைக்குள் மறைந்தொழியும். அங்ஙனம் மறையவிருந்த ஓர் இசை மரபை அயல்நாட்டில் காத்து நின்றவர் அயர்லாந்துப் பைக்குழல் கலைஞர் பாட்ஸி டூஹி ஆவார்.

அயர்லாந்தின் கால்வே மாவட்டத்தில், லாக்ரே என்னும் ஊரின் அருகே 1865-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். 1845 முதல் 1849 வரை அந்நாட்டை வாட்டிய உருளைக்கிழங்குப் பஞ்சம் ஏறத்தாழ பத்து இலட்சம் உயிர்களைப் பலி கொண்டது. அதனினும் மிகுதியானோர் கப்பலேறினர். பஞ்சம் தணிந்த பின்னரும் குடிபெயர்வு நிற்கவில்லை. டூஹியின் பெற்றோரும் குழந்தையுடன் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் குடியேறினர்.

அயர்லாந்துப் பைக்குழல் வாயால் ஊதப்படுவதன்று. ஒரு முழங்கையின் கீழுள்ள துருத்தி காற்றைச் செலுத்த, மற்றொரு கையின் கீழுள்ள பை அதனைத் தேக்கித் தரும். முழங்கையைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லாலேயே அக்கருவி 'இல்லன்' குழல் என வழங்குகிறது. விரல்கள் இன்னிசை எழுப்ப, நாகசுரத்திற்கு ஒத்துப் போல மூன்று குழல்கள் இடைவிடாது சுருதி கூட்டும். வேறு மூன்று குழல்களின் கட்டைகளை மணிக்கட்டால் அழுத்தித் துணைச் சுரங்கள் எழுப்புவர். இத்துணை நுட்பம் வாய்ந்த கருவி ஆசானின்றிக் கைவருவது அரிது.

டூஹியின் தந்தை ஜேம்ஸும் குழற்கலைஞரே. ஆனால் மகன் சிறுவனாய் இருக்கும்போதே அவர் காலமானார். தந்தையிடம் பயின்ற பார்ட்லி மர்பி என்பவரே அச்சிறுவனுக்கு ஆசானானார். தந்தை விதைத்தது மாணவர் வழியே மகனுக்கு வந்து சேர்ந்தது! எனினும் இடையில் டூஹி கருவியைக் கைவிட்டார். பின்னர் நியூயார்க் அரங்கொன்றில் ஜான் ஈகன் என்னும் முதுகலைஞரின் வாசிப்பைக் கேட்க நேர்ந்தது. அந்நாளே அவரை மீண்டும் குழலிடம் சேர்த்தது.

ஊர் ஊராய்ச் சென்று நாடக மேடைகளில் வாசிப்பதே அவரது பிழைப்பாயிற்று. மனைவி மேரியுடன் நகைச்சுவைக் காட்சிகளில் நடித்தார். அவற்றினூடே குழலும் வாசித்தார். கேளிக்கை நாடி வந்தோர் செவிகளிலும் தம் மக்களின் மரபிசையைச் சேர்ப்பித்தார். 1893-இல் சிகாகோவிலும் 1904-இல் செயின்ட் லூயிஸிலும் நடைபெற்ற உலகக் கண்காட்சிகளில் அவர் குழல் ஒலித்தது.

அவரது அரும்பணி ஒன்று உண்டு. 1901-ஆம் ஆண்டளவில் எடிசனின் மெழுகு உருளைகளில் தாமே வாசித்துப் பதிந்து, ஒன்று 1 டாலர், டசன் 10 டாலர் என விற்றார். ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனியே வாசிக்க வேண்டிய உழைப்பு அது. சிகாகோ காவல்துறைத் தலைவராய் விளங்கியவரும், 1903-இல் 1850 மெட்டுகள் அடங்கிய பெருந்தொகுப்பை வெளியிட்டவருமான பிரான்சிஸ் ஓ'நீல் அவ்வுருளைகளை அயர்லாந்தின் கார்க் நகரப் பேராசிரியர் ரிச்சர்ட் ஹெனெப்ரிக்கு அனுப்பினார். கடல் கடந்து சென்ற இசை, இவ்வாறு தாயகத்துக்கே திரும்பி வந்தது. 1913-இல் வெளியிட்ட நூலில் டூஹியின் வரலாற்றைப் பதித்த ஓ'நீல், அவரது கலைத்திறனோடு அழுக்காறற்ற உள்ளத்தையும் போற்றியுள்ளார்.

1919-இல் விக்டர் நிறுவனத்தாரும் அவரது இசையைத் தட்டுகளில் பதிந்தனர். 1923 ஜனவரியில் நியூயார்க்கில் டூஹி மறைந்தார். அவர் வாசிப்பைச் சுரப்படுத்திய நூல் 1986-இல் வெளிவந்தது. 2017-இல் யுனெஸ்கோ அக்குழலிசையை மானுடப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது.

குழந்தையாய்ப் பிரிந்த நாட்டின் இசையை, அந்நாடே தேடிக் கேட்கும் வண்ணம் காத்தளித்தவர் அவர். நம் ஊர்களிலும் முதியோர் நாவில் மட்டுமே வாழும் பாடல்களும் மெட்டுகளும் உள. கேட்டுப் பதிவதும், பயின்று பிறர்க்கு ஈவதும் மாணவச் செல்வங்களின் கடன் அன்றோ!